நினி, நானி, வாப்பி

புதிய மொழியொன்றைக் கற்றுத்தரும் சிறு கையேடுகளில் முதல் சில பக்கங்களுக்குள்ளேயே கேள்விச் சொற்களின் பட்டியல் வந்துவிடும். ஸ்வாஹிலிக்கும் இதுதான் வழக்கம். நானி என்றால் யார், நினி என்றால் என்ன, வாப்பி என்றால் எங்கே, லினி என்றால் எப்போது, கானி என்றால் எப்படிப்பட்ட, ங்காப்பி என்றால் எத்தனை. (கானியின் முதலெழுத்தைக் கங்கையின் முதலெழுத்தைப் போலச் சொல்ல வேண்டும், ங்காப்பியைக் காப்பி ஆக்கிவிடக் கூடாது.) ஒரு சாயங்காலத்தில் நெட்டுருப் போட்டு முடித்துவிடலாம். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: தெரியாதவன் கேட்கிறான், தெரிந்தவன் சொல்கிறான், புதிதாக வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆகவே அவனுக்கு முதலில் வேண்டியது கேள்வி. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அதற்கு அப்பாலும் 20 கோடிக்கும் மேற்பட்டோர் பேசுவதாக யுனெஸ்கோ கணக்கிடும் இந்த மொழியை உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, அந்த நம்பிக்கை தலைகீழானது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஸ்வாஹிலியில் ஒன்றைச் சரியாகக் கேட்க வேண்டுமென்றால் அதைப் பற்றிப் பாதி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எதைக் கேட்கிறோமோ அது எந்த வகைப் பொருள், எதிரில் நிற்பவர் யார், அவர் என்ன எதிர்பார்க்கிறார், இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது மரபு என்பதெல்லாம் தெரிந்த பிறகே வாய் திறக்க முடிகிறது. கேள்வியை முதல் பாடமாக வைப்பவர்கள் அதன் சொற்களை மட்டும்தான் கற்றுத்தருகிறார்கள்.

எளிதான பகுதியை முதலில் சொல்லிவிடலாம், அதில் தமிழருக்குக் கொஞ்சம் சலுகையும் உண்டு. ஆங்கிலக்காரர் ஒருவர் கேள்வி கேட்க வாக்கியத்தைப் புரட்டிப் போட வேண்டும். கேள்விச் சொல்லைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். ஸ்வாஹிலியில் அந்தத் தொல்லை இல்லை. பதில் எந்த இடத்தில் வருமோ அதே இடத்தில் கேள்விச் சொல் உட்கார்ந்துகொள்கிறது. ‘உனட்டாக்கா நினி?’ என்றால் ‘உனக்கு வேண்டியது என்ன?’, ‘என்ன’ இருக்கும் இடத்தில் தேநீரை வைத்தால் அதுவே பதில். ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளுக்கு இதுகூட வேண்டாம். சொல்வதும் கேட்பதும் ஒரே சொற்கள், ஒரே வரிசை, குரல்தான் வேறு. ஈ. ஓ. ஆஷ்டன் 1944-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஸ்வாஹிலி இலக்கண நூலின் தலைப்பிலேயே ‘குரலேற்ற இறக்கம் உட்பட’ என்ற பொருளில் ஒரு சேர்க்கை இருக்கிறது. இலக்கண நூலின் அட்டையில் குரலுக்கு இடம் கொடுத்தது அபூர்வம். இந்த மொழிக்கு அது தேவையாகத்தான் இருந்தது. எழுத்தில் குரல் கேட்காது என்பதால் வாக்கியத்தின் தலையில் ‘ஜே’ என்றொரு சொல்லை வைக்கலாம். வரப்போவது கேள்வி என்று அது கட்டியம் கூறிவிடும். நம்முடைய ஆகாரம் வாக்கியத்தின் வாலில் வந்து ஒட்டும். ஆனால் அந்த ஆகாரத்தின் சாமர்த்தியம் ‘ஜே’க்குக் கிடையாது. நீயா நேற்று வந்தாய், நீ நேற்றா வந்தாய், நீ நேற்று வந்தாயா என்று எந்தச் சொல்லில் சந்தேகமோ அந்தச் சொல்லிலேயே கேள்வியைக் குத்தி நிறுத்துகிறோம். ஸ்வாஹிலியில் ‘நீயா வந்தாய்?’ என்பதற்கு ‘நி வேவே உலியேகுஜா?’, அதாவது ‘வந்தவன் நீதானா?’ என்று வாக்கியத்தையே பிரித்துக் கட்ட வேண்டியிருக்கிறது. இதுவரை சொன்னவை பழகப் பழக வந்துவிடுகிற சங்கதிகள்.

சங்கடம் ‘எத்தனை’யில் தொடங்குகிறது. ஸ்வாஹிலியின் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்து கிடக்கின்றன. மனிதர்களுக்கு ஒரு வகுப்பு, மரங்களுக்கு ஒன்று, பழங்களுக்கு ஒன்று, கருவிகளுக்கும் சிறு பொருள்களுக்கும் ஒன்று என்று தோராயமாகச் சொல்லலாம். உள்ளே போனால் தோராயம் உதிர்ந்துவிடும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒருமைக்கு ஒரு முன்னொட்டு, பன்மைக்கு ஒன்று. அந்த முன்னொட்டு பெயரோடு நின்றுவிடுவதில்லை. அடை, வினை, சுட்டு என்று வாக்கியம் முழுவதும் எதிரொலிக்கும். கேள்விச் சொற்களில் நானியும் நினியும் இதிலிருந்து தப்பித்துவிட்டன. எத்தனை, எது என்ற இரண்டும் மாட்டிக்கொண்டன. எத்தனை மனிதர்கள் என்றால் ‘வாட்டு வங்காப்பி’, எத்தனை மரங்கள் என்றால் ‘மிட்டி மிங்காப்பி’, எத்தனை புத்தகங்கள் என்றால் ‘விட்டாபு விங்காப்பி’. எந்தப் புத்தகம் என்பதற்குக் ‘கிட்டாபு கிப்பி’, எந்த மரம் என்பதற்கு ‘ம்ட்டி உப்பி’, எந்த ஆள் என்பதற்கு ‘ம்ட்டு யூப்பி’. இந்தக் கிட்டாபு அரபு மொழியிலிருந்து வந்த கிதாப்தான். உருது கேட்டுப் பழகியவர்களுக்கு உடனே பிடிபடும். அரபுக்காரர்களுக்கு அந்தக் ‘கி’ வேர்ச்சொல்லின் முதல் எழுத்து. ஸ்வாஹிலிக்காரர்களின் காதுக்கு அது தங்கள் வகுப்பு முன்னொட்டாகக் கேட்டது. அதைக் கழற்றிவிட்டு ‘வி’யை மாட்டிப் பன்மையாக்கிக்கொண்டார்கள். வந்த விருந்தாளியின் சட்டையைக் கழற்றி வீட்டுச் சட்டையைப் போட்டுவிட்ட மாதிரி. இன்னொரு திருப்பமும் உண்டு. காண்டாமிருகத்துக்குக் ‘கிஃபாரு’ என்றும் தலைவருக்குக் ‘கியோங்கோஸி’ என்றும் பெயர். வடிவத்தைப் பார்த்தால் புத்தகத்தின் வகுப்பு. ஆனால் உயிருள்ளவை என்பதால் எந்தத் தலைவர் என்று கேட்கும்போது ‘கிப்பி’ என்று கேட்கக் கூடாது, ‘யூப்பி’ என்றுதான் கேட்க வேண்டும். ஆக, ‘எது’ என்று ஒரே ஒரு சொல் கேட்பதற்கு அந்தப் பொருளின் பெயர், வகுப்பு, ஒருமையா பன்மையா, உயிர் உண்டா இல்லையா என்ற நான்கும் கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதது ஐந்தாவது விஷயம் மட்டுமே.

இதைவிட நுட்பமானது ‘எங்கே’. வாப்பி என்ற சொல்லைக் கற்றுத்தரும் கையேடு அதற்கு முன்னால் வருவதைப் பற்றி அதிகம் பேசாது. ‘புத்தகம் எங்கே இருக்கிறது?’ என்பது ‘கிட்டாபு கிக்கோ வாப்பி?’ அந்தக் ‘கிக்கோ’வை உடைத்தால் ‘கி’ புத்தகத்தின் வகுப்பைக் காட்டும். ‘கோ’ இடத்தைக் காட்டும். இடத்தைக் காட்ட ஸ்வாஹிலியில் மூன்று ஈறுகள் உண்டு. இன்ன இடம் என்று சுட்ட முடிந்தால் ‘போ’. ஒன்றின் உள்ளே என்றால் ‘மோ’. எங்கோ, ஏதோ ஓரிடத்தில் என்றால் ‘கோ’. இலக்கண நூல்கள் சொல்லும் ஒழுங்கின்படி, கேட்பவர் ‘கிக்கோ’ என்கிறார். மேசைமேல் இருந்தால் பதில் சொல்பவர் ‘கிப்போ’ என்கிறார். பெட்டிக்குள் இருந்தால் ‘கிமோ’ என்கிறார். கேள்வியில் ‘கோ’வாக இருந்தது பதிலில் ‘போ’வாகவோ ‘மோ’வாகவோ இறுகுகிறது. தெரியாமைக்கென்று தனியாக ஓர் ஈறு வைத்து, தெரிந்ததும் அதைக் கழற்றி வேறொன்றைப் போடும் மொழி இது. ஒரே சொல்லின் முன்பாதி ‘எனக்கு இவ்வளவு தெரியும்’ என்கிறது, பின்பாதி ‘இது எனக்குத் தெரியாது’ என்கிறது. கேள்வியின் உடலை இவ்வளவு பக்கத்தில் பார்க்கக் கிடைப்பது அரிது. தெருப்பேச்சில் இந்த ஒழுங்கு தளர்ந்துவிட்டது உண்மைதான். தான்சானியாவில் கேள்வியிலேயே ‘போ’ போட்டு ‘யூப்போ வாப்பி?’ என்று கேட்பது சகஜம். ஆனாலும் அந்த மூன்று ஈறுகளும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். நைரோபித் தெருவில் இவ்வளவு இலக்கணமா பார்க்கிறார்கள்? உள்நாட்டு ஸ்வாஹிலியில் வகுப்பு ஒட்டுகளைப் பாதி உதறிவிட்டு வெறும் ‘ங்காப்பி’யை எல்லாவற்றுக்கும் போட்டு வியாபாரம் நடக்கிறதே, குழந்தை வகுப்பு தெரிந்துகொண்டா ‘இது என்ன’ என்று கேட்கிறது? இரண்டும் நியாயமான ஆட்சேபங்கள். முதலாவதற்குப் பதில்: நைரோபிக்காரர் ஒட்டை உதறும்போது அறிவை உதறவில்லை. யாரிடம் ஒட்டோடு பேச வேண்டும், யாரிடம் ஒட்டில்லாமல் பேசலாம், யாரைப் பார்த்து ‘நியாஜே’ என்று கேட்டுத் தோளில் தட்டலாம் என்பதை அவர் அறிவார். அந்த அறிவு இலக்கணத்தைவிடக் கடினமானது. வெளியாள் ஒட்டை விட்டால் பிழை, அவர் விட்டால் நடை. இரண்டாவது, குழந்தைக்கு ஒரு பெரியவர் இருக்கிறார். விரலை நீட்டினால் போதும், மீதியை அவர் முடித்துத் தருவார். வளர்ந்தவருக்கு அந்த வசதி சில வாரம்தான் கிடைக்கும். இது ஸ்வாஹிலிக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் என்றும் நான் சொல்லவில்லை. எவன், எவள், எவர், எது, எவை என்று வகைக்கொரு வினாச்சொல் வைத்திருக்கும் நமக்கு இது புதிதே அல்ல. ‘எவன்’ என்று கேட்பவர் ஆண் என்பதையும் மரியாதை வேண்டாம் என்பதையும் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார். பவணந்தி நன்னூலில் வினாவை ஆறாகப் பிரித்தபோது முதலில் வைத்தது அறிவினாவை, தெரிந்தவர் கேட்கும் கேள்வியை. அறியா வினா இரண்டாவதுதான். அவர் நினைத்தது ஆசிரியர் மாணவனைக் கேட்பதை. நான் அந்த வரிசையைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கிறேன்: அறியா வினாவுக்குள்ளும் ஓர் அறிவினா ஒளிந்திருக்கிறது.

பொருளைப் பற்றிய அறிவு ஒருபுறம் இருக்கட்டும். எதிரில் நிற்பவரைப் பற்றிய அறிவு இன்னும் நெருக்கமான விஷயம். ஸ்வாஹிலியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான், ‘யேயே’. வினையிலும் ஆண் பெண் வேற்றுமை இல்லை. ஆனால் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கும்போது மட்டும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஆணிடம் ‘உமெஓஆ?’ என்று செய்வினையில் கேட்க வேண்டும்: மணந்துவிட்டாயா? பெண்ணிடம் ‘உமெஓலேவா?’ என்று செயப்பாட்டுவினையில்: மணக்கப்பட்டுவிட்டாயா? இந்த ஒரு ‘லேவா’வில் ஒரு சமூகத்தின் எண்ணம் மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது, மாற்றிக் கேட்டால் சிரிப்பார்கள். பதிலையும் கவனிக்க வேண்டும். ஆகவில்லை என்றால் ‘ஹப்பானா’ என்று முகத்திலடித்தாற்போல் சொல்வதில்லை. ‘பாடோ’ என்பார்கள், ‘இன்னும் இல்லை’. ஐம்பது வயதானவரும் ‘பாடோ’ சொல்லலாம். ‘இன்னும் நடக்கவில்லை’ என்பதற்கு வினையிலேயே தனிக் காலம் வைத்திருக்கும் மொழிக்கு இது இயல்பு. ஹப்பானா என்ற சொல்லின் நேர்ப்பொருள் ‘அங்கே ஒன்றும் கிடையாது’ என்பது; நம்முடைய ‘இல்லை’யும் இருப்பை மறுக்கும் சொல்லாகவே பிறந்தது. வெற்றிடத்தைக் காட்டி மறுக்கும் இரண்டு மொழிகள். ஆனால் எதிர்மறையாகக் கேட்டால் கவனம் வேண்டும். ‘ஹுஜாலா?’, இன்னும் சாப்பிடவில்லையா என்று கேட்டு ‘ண்டியோ’ என்று பதில் வந்தால், ‘நீ சொன்னது சரி, சாப்பிடவில்லை’ என்று அர்த்தம். ண்டியோ என்பதற்கு ‘அது அப்படியே’ என்றுதான் பொருள். அது கேள்வியை ஆமோதிக்கிறது. ஆங்கிலத்தின் வழியே ஸ்வாஹிலி கற்றவர் இந்த இடத்தில் விருந்தாளியைப் பட்டினி போட்டுவிடுவார்.

‘ஏன்’ என்பதற்கு வருவோம். கையேட்டில் ஒரே சொல்தான் இருக்கும்: க்வா நினி, ‘எதற்காக’. பேச்சில் அதற்குப் பக்கத்தில் ‘ம்போனா’ என்று ஒன்று நிற்கிறது. ‘க்வா நினி ஹுக்குஜா?’ என்றால் காரணம் தெரியவில்லை, சொல். ‘ம்போனா ஹுக்குஜா?’ என்றால் வருவாய் என்று இருந்தேனே, ஏன் வரவில்லை. முன்னதில் கேட்பவருக்கு எதிர்பார்ப்பு இல்லை. பின்னதில் எதிர்பார்ப்பு ஒன்று இருந்து உடைந்திருக்கிறது. ஆச்சரியம், ஆதங்கம், செல்லக் கோபம், சில நேரம் குற்றச்சாட்டு எல்லாம் ம்போனாவில் அடங்கும். சம்பந்தமே இல்லாத ஒருவரைப் பார்த்து ம்போனா போட்டுக் கேட்டால், ‘நீ யார் எதிர்பார்க்க?’ என்று அவர் மனதுக்குள் கேட்டுக்கொள்வார். அப்படிக் கேட்கவும் ஒரு சொல் தயாராக இருக்கிறது: க்வானி. வாக்கியத்தின் நடுவில் வந்தால் ‘ஏனென்றால்’ என்று சாதுவாகக் காரணம் சொல்லும் இதே சொல், தலையில் வந்தால் சண்டைக்கு நிற்கும். ‘க்வானி வேவே நி நானி?’, நீ யார் அப்படி? ம்போனாவை எங்கே போடலாம் என்று எந்த அட்டவணையிலும் சொல்லிக்கொடுக்க முடியாது. அந்த மனிதரிடம் எதையாவது எதிர்பார்க்கும் உரிமை நமக்குக் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்த பிறகு சொல் தானாக வந்துவிடும்.

அந்த உரிமை எப்படிக் கிடைக்கிறது என்றால், அதுவும் கேள்விகளால்தான், பதில் தேவைப்படாத கேள்விகளால். சந்தித்ததும் ‘ஹுஜாம்போ?’ என்கிறார்கள். ஜாம்போ என்றால் விஷயம், சங்கதி. அது மறுப்போடு சேர்ந்து வருகிறது: உனக்கு ஒன்றும் இல்லையே? பதில் ‘ஸிஜாம்போ’, எனக்கு ஒன்றும் இல்லை. சுற்றுலாப் பயணிகள் மறுப்பையும் ஆளையும் கழித்துவிட்டு வெறும் ‘ஜாம்போ!’ என்று கூவுகிறார்கள், ‘சங்கதி!’ என்று ஒருவரைப் பார்த்துக் கத்துவதற்குச் சமம். உள்ளூர்க்காரர்கள் பெருந்தன்மையோடு திரும்ப ஜாம்போ சொல்கிறார்கள். ஓட்டல் வாசலிலும் அதுவே எழுதியிருக்கிறது. அடுத்து ‘ஹபாரி கானி?’, செய்தி என்ன. பிறகு காலையின் செய்தி, வேலையின் செய்தி, வீட்டின் செய்தி, பயணத்தின் செய்தி என்று ஹபாரி நீளும். ஒவ்வொன்றுக்கும் ‘ன்ஸூரி’, நல்லது. வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் முதல் பதில் ன்ஸூரிதான். ‘ஆனால்’ என்று தொடங்கும் மற்றச் செய்தி பிறகு வரும். இளைஞர்களிடம் ‘மாம்போ?’ என்றால் ‘போஆ’, குளுகுளு. வயதில் மூத்தவர் என்றால் கேள்வியே கூடாது. தான்சானியாவில் ‘ஷிக்கமோ’ சொல்லி, அவர் ‘மரஹபா’ என்ற பிறகுதான் மற்றவை. ஷிக்கமோவின் மூலப்பொருள் ‘உங்கள் பாதம் பற்றுகிறேன்’ என்று விளக்குவார்கள். இதெல்லாம் வெறும் சடங்கு, இவற்றைக் கேள்வி என்று கணக்கில் சேர்ப்பது தவறு என்று ஒருவர் வாதிடலாம். கேள்விக்குறியை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் வழி கேட்க வந்தவர் இந்தச் சடங்கைத் தாண்டிக் குதித்து நேராக ‘பேருந்து நிலையம் எங்கே?’ என்று கேட்டால், வாக்கியம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது முரட்டுத்தனமாகவே படும். பதில் எதிர்பார்க்காத நான்கு கேள்விகளைக் கொடுத்துத்தான் பதில் எதிர்பார்க்கும் ஐந்தாவதை வாங்க முடிகிறது. அந்த நான்கையும் இலவச இணைப்பு என்று கிழித்துப் போட முடியாது.

கேட்பது என்ற வினைக்கே ஸ்வாஹிலி என்ன செய்திருக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தமிழில் செவியால் கேட்பதும் கேள்வி கேட்பதும் கடன் கேட்பதும் ஒரே ‘கேள்’. அங்கே மூன்றும் மூன்று. காதில் விழுவது ‘ஸிக்கியா’, வினவுவது ‘உலிஸா’, வேண்டுவது ‘ஓம்பா’. கடையில் தண்ணீர் வேண்டுமென்றால் தான்சானியக்காரர் ‘நஓம்பா’ என்று தொடங்குவார். ‘நட்டாக்கா’, எனக்கு வேண்டும் என்று சொன்னால் இலக்கணம் சரி, காதுக்குக் கடுப்பு. கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிறவர்கூட ‘நஓம்பா குஉலிஸா’, கேட்க அனுமதி வேண்டுகிறேன் என்பார். உலிஸா போவதற்கு முன் ஓம்பா வழி விட வேண்டியிருக்கிறது. துருவித் துருவிக் கேட்பதற்கு ‘டடீஸி’ என்று தனி வினை உண்டு. ஆனால் கேள்வி என்ற பெயர்ச்சொல் அரபிலிருந்து வந்தது: ஸ்வாலி. தொழுகையைக் குறிக்கும் வேறோர் அரபு வேரும் ஸ்வாஹிலி நாக்கில் தேய்ந்து ‘ஸ்வாலி’ என்ற வினையாகவே வந்து நின்றுவிட்டது. கேள்வியும் தொழுகையும் ஒரே ஒலியில் முடிந்தது தற்செயல். அதை வைத்துத் தத்துவம் கட்டும் ஆசையை இங்கேயே அடக்கிக்கொள்கிறேன்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சாட்சி வரலாற்றிலிருந்து வருகிறது. ஆளைப் பற்றி ஒன்றும் அறியாமல், ஹபாரி கேட்காமல், முறை பார்க்காமல், ஸ்வாஹிலியில் கேள்விமேல் கேள்வி கேட்டுப் பதிலும் வாங்கிய கூட்டம் ஒன்று இருந்தது. எஃப். ஹெச். லே பிரெட்டன் 1936-இல் வெளியிட்ட உள்நாட்டு ஸ்வாஹிலிக் கையேடு, அது யாருக்கு என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது: படைவீரர், குடியேறியவர், சுரங்கக்காரர், வணிகர், அவர்களுடைய மனைவிமார். பெல்ஜியக் காங்கோவில் ஸ்வாஹிலி கையகப்படுத்தப்பட்ட கதையை ஆராய்ந்து யோஹானஸ் ஃபேபியன் 1986-இல் வெளியிட்ட நூல், அந்தக் காலத்துக் கையேடுகள் மொழியை ஆணையிடும் கருவியாக எப்படிச் செதுக்கிக்கொண்டன என்று காட்டுகிறது. கென்யாவில் 1920 வாக்கில் ‘கிப்பாண்டே’ என்ற பதிவுச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. வயதுவந்த ஆப்பிரிக்க ஆண்கள் அதை ஓர் உலோகக் கூட்டில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிய வேண்டும். கிப்பாண்டே என்றால் துண்டு. அதுவும் புத்தகத்தின் வகுப்புதான். ஆகவே ‘உன் சீட்டு எங்கே?’ என்று கேட்க வேண்டிய காவலர், இலக்கணப்படி நாம் மேலே பார்த்த அதே ‘கிக்கோ வாப்பி’யைத்தான் சொல்ல வேண்டும். அதே ‘கி’, அதே ‘கோ’. ஆனால் கேட்பவருக்கு இடம் தெரிய வேண்டியதில்லை. கழுத்தில் தொங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தெரியாமையைக் காட்டும் ஈறு அங்கே பொய் சொல்கிறது. இதை என் வாதத்துக்கு மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். லத்திக்குப் பதில் வந்தது, கேள்விக்கு வரவில்லை. அதிகாரத்தில் இருப்பவர் கேட்கக் கற்றுக்கொள்ளாமலே காலம் தள்ள முடியும் என்பதைத்தான் அந்தக் கையேடுகள் நிரூபிக்கின்றன. இன்றைக்குப் பயணிகளுக்கென்று அச்சாகும் கையேடுகளில் துப்பாக்கி இல்லை, பணப்பை இருக்கிறது. பணம் கொடுப்பவரின் கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது. அதனால் அவரும் கற்றுக்கொள்வதில்லை.

கேள்விக் கலையில் ஸ்வாஹிலிக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சி வேறு மாதிரியானது. விடுகதை போடுகிறவர் ‘கிட்டெண்டவீலி!’ என்று அறிவிப்பார். கூட்டம் ‘டேகா!’ என்று திருப்பிச் சொல்லும். டேகா என்றால் பொறி வை. வேட்டைக்காரர் கண்ணி வைக்கும் அதே சொல். பிறகு வருவது ஒரு சாதாரண வாக்கியம்: என் வீட்டுக்குக் கதவு கிடையாது. அவ்வளவுதான். நினி இல்லை, நானி இல்லை, ஜே இல்லை, குரலேற்றமும் இல்லை. நம் விடுகதையின் முடிவில் வரும் ‘அது என்ன?’கூட அங்கே தேவைப்படுவதில்லை. கேள்விச் சொல் ஒன்றுகூட இல்லாமல் அந்த வாக்கியம் முழுக் கேள்வியாக நிற்கிறது. கூட்டமும் முட்டை என்று பதில் சொல்கிறது. கூட்டத்துக்குப் பதில் தெரியாவிட்டால் போட்டவர் ‘ஓர் ஊரைக் கொடு’ என்பார். யாராவது மொம்பாசா என்றோ ஸான்ஸிபார் என்றோ ஓர் ஊரைக் கொடுக்க வேண்டும். அவர் அந்த ஊருக்குப் போய்வந்ததாகப் பெருமையடித்துவிட்டுத்தான் விடையைச் சொல்வார். தெரியாமைக்கு ஓர் ஊர் விலை. இந்த விளையாட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கேள்வியை அடையாளம் காண ஆறு சொல் பட்டியல் வேண்டியதில்லை.

அப்படியானால் புதிதாகக் கற்பவர் என்னதான் செய்வது? கேட்காமல் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியாது. ‘கேட்பது மடமை அல்ல’ என்று அங்கேயும் பழமொழி இருக்கிறது. நான் சொல்வது வரிசையைப் பற்றி. கேள்விகளை மனப்பாடம் செய்வதற்கு முன் பதில்களைக் கற்றுக்கொள்ளுங்கள். ன்ஸூரி, ஸிஜாம்போ, பாடோ, கிப்போ, மரஹபா ஆகிய இவையே முதல் வாரப் பாடமாக இருக்கட்டும். மற்றவர்கள் உங்களைக் கேட்கட்டும். ஸ்வாஹிலி நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. எந்தக் கேள்விக்கு எது பதிலாகிறது என்று தெரிந்த பிறகு கேள்வி உங்கள் வாயில் வந்து உட்காரும். சந்தேகமிருந்தால் எல்லாவற்றிலும் எளிதான ‘ஸா ங்காப்பி?’யையே எடுத்துக்கொள்ளுங்கள். மணி என்ன என்று அர்த்தம். வகுப்பு ஒட்டுகூட வேண்டாம், முதல் நாளே சொல்லிவிடலாம். பேருந்து எப்போது என்று அதை வைத்துக் கேட்கிறீர்கள். ‘ஸா டாட்டு’, மூன்று மணி என்று சீட்டு கொடுப்பவர் சொல்கிறார். பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டரைக்கு வந்து நிற்கிறீர்கள். நாம் ஒரு காலத்தில் நாழிகையைச் சூரியோதயத்திலிருந்து எண்ணியதைப் போல, ஸ்வாஹிலியில் மணியை இன்றும் விடியலிலிருந்துதான் எண்ணுகிறார்கள். ஏழு மணி அங்கே ஒரு மணி. உங்கள் பேருந்து காலை ஒன்பதுக்கே போய்விட்டது.